ஃபுல் கவரேஜ் என்று ஒரு வார்த்தை

எங்கள் அலுவலகத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டே காப்பீட்டு ஏஜென்ட் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பெண், போன வாரம் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள். “அக்கா, எர்த்குவேக்ல எத்தனை கேள்வி வரும்?” ஒன்று வரலாம், இரண்டு வரலாம் என்றேன். “அப்போ அதை விட்டுடலாமா?” அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் நான்கு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் கணக்குப் போட்டேன். பாடப்புத்தகத்தில் தீ, புயல், திருட்டு எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். நிலநடுக்கம் மட்டும் ‘எதற்கெல்லாம் பணம் கிடையாது’ என்ற பட்டியலில் ஒரு வரியாகப் போய்விடும். தேர்வு முடிந்ததும் அந்த வரியை மறந்துவிட்டேன். அங்கிள் ஒருவர் காலை ஏழு மணிக்குப் போன் செய்யும் வரை அது நினைவுக்கே வரவில்லை.

நான் இருப்பது ஃப்ரீமான்ட். கலிஃபோர்னியாவில் தமிழ் பேசிக்கொண்டே காய்கறி வாங்கக்கூடிய ஊர். ஹேவர்ட் என்ற நிலநடுக்கப் பிளவு ஊருக்கு நடுவில்தான் போகிறது. ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள குட்டையில் குழி வெட்டித்தான் இந்தப் பிளவு எத்தனை முறை குலுங்கியிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் மண் அடுக்குகளில் எண்ணினார்கள். சராசரியாக ஒன்றரை நூற்றாண்டுக்கு ஒரு தடவை. கடைசியாகப் பெரிதாகக் குலுங்கியது 1868 அக்டோபர் 21. எங்கள் ஊர் மிஷன் சான் ஹோஸேயின் பழைய மண்கட்டித் தேவாலயம் அன்றுதான் இடிந்தது. இப்போது நிற்பது 1985-இல் அதே மாதிரி கட்டி முடித்தது. பக்கத்து ஹேவர்டில் ரோஸ் தெரு முனையில் நடைபாதை விளிம்புக்கல் ஒன்று வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனது. நில ஆய்வாளர்கள் பல வருடங்களாக அதைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். 2016-இல் நகராட்சி ஆட்கள் வந்து, சக்கர நாற்காலிக்கு வசதியாக அதை உடைத்துச் சரிசெய்துவிட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் ஆய்வாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அங்கிள் வாடகைக்கு விட்டிருந்த வீடு அந்த ஹேவர்டில் இருக்கிறது. 1950-களில் கட்டிய ஒற்றைத் தள மரவீடு, மூன்று படுக்கையறை, முன்பக்கம் செங்கல் சிம்னி. அதற்கு டிபி-3 என்ற வாடகை வீட்டு பாலிசி போட்டுக் கொடுத்தது நான். கையெழுத்து வாங்கும்போது “எல்லாம் கவர் ஆகும்தானேம்மா?” என்று கேட்டார். “ஃபுல் கவரேஜ் அங்கிள், கவலையே வேண்டாம்” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. இந்தத் தொழிலில் அது வாயில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பத்திரிகையும் அன்னதானமும்

தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு எடுப்பது ஹோம்ஓனர்ஸ் பாலிசி. வாடகைக்கு விட்ட வீட்டுக்கோ, அந்த வகையில் சேராத வீட்டுக்கோ எடுப்பது டுவெல்லிங் பாலிசி. அதில் மூன்று படிவங்கள். டிபி-1 கல்யாணப் பத்திரிகை மாதிரி, பெயர் எழுதியவர்களுக்கு மட்டும் இலை. தீ, மின்னல், உள்ளே நடக்கும் வெடிப்பு ஆகியவை அடிப்படை. காற்று, ஆலங்கட்டி, புகை போன்றவை வேண்டுமென்றால் கூடுதல் பணம். கொடுக்கும் தொகையும் தேய்மானம் கழித்துத்தான். டிபி-2-இல் பெயர்ப் பட்டியல் நீளம். டிபி-3 அன்னதானம் மாதிரி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம், வாசலில் நிறுத்தப்பட்ட சிலரைத் தவிர. கட்டிடத்துக்கு மட்டும்தான் அந்தத் தாராளம், உள்ளே இருக்கும் சாமானுக்கு மறுபடியும் பெயர்ப் பட்டியல்தான். சாமான் திருட்டும், அடுத்தவருக்கு நம்மால் ஏற்படும் நஷ்டத்துக்கான பொறுப்புக் காப்பும் டுவெல்லிங் பாலிசியில் தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஹோம்ஓனர்ஸ் விற்றுப் பழகியவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆக, டிபி-1 விற்கும்போது எவையெல்லாம் உள்ளே என்று படிக்க வேண்டும், டிபி-3 விற்கும்போது எவையெல்லாம் வெளியே என்று படிக்க வேண்டும். நாங்கள் படிப்பதில்லை. அன்னதானம் என்று சொல்லி அழைத்துவிட்டு, வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் யார் யார் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அங்கே முதல் வரிசையில் நிற்பது ‘நிலத்தின் அசைவு’. நிலநடுக்கம், மண்சரிவு, நிலம் தாழ்வது எல்லாம் அதில் அடக்கம். அதற்கு அடுத்த வரியில் ஒரு விதிவிலக்கு இருக்கும், அசைவினால் தீயோ வெடிப்போ ஏற்பட்டால் அந்தச் சேதத்துக்கு மட்டும் பணம் உண்டு என்று.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு ஊரே எரிந்த கதை இருக்கிறது. 1906 ஏப்ரல் 18, காலை 5:12-க்கு சான் பிரான்சிஸ்கோ குலுங்கியது. அதை விட அதிகமாக ஊரை அழித்தது அதற்குப் பின் நாள் கணக்கில் எரிந்த நெருப்பு. மக்களிடம் இருந்தது தீ பாலிசி, வீடு விழுந்தது நடுக்கத்தில். கட்டிடம் விழுந்துவிட்டால் தீக் காப்பு அதோடு முடிந்தது என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் இருந்தது. எரியாத வீட்டுக்குப் பணம் வராது என்று கேள்விப்பட்டு, இடிந்த வீட்டுக்குத் தாங்களே தீ வைத்தவர்கள் இருந்தார்கள். அங்கே பணியிலிருந்த ராணுவ அதிகாரி ஒருவர் அதைப் பதிவு செய்திருக்கிறார். சில நிறுவனங்கள் பேரம் பேசின, சில கையை விரித்தன. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், பாலிசியின் நிபந்தனை எதுவானாலும் எல்லோருக்கும் முழுத் தொகையையும் கொடுத்துவிடச் சொல்லி சான் பிரான்சிஸ்கோவுக்குத் தந்தி அடித்ததை இன்றும் தொழிலில் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு கலிஃபோர்னியாவில் நடுக்கத்தால் மூண்ட நெருப்புக்குத் தீ பாலிசிதான் பதில் சொல்லியாக வேண்டும், நிலநடுக்க பாலிசி அல்ல. தேர்வில் வரும் அந்த ஒரு கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: குலுக்கலில் எரிவாயுக் குழாய் உடைந்து வீடு எரிந்தது, எந்த பாலிசி? நான் அதற்குச் சரியான விடைதான் எழுதினேன்.

காலை ஏழு மணி

குலுக்கல் பெரிதில்லை. விடியற்காலையில் ஒரு இடி, ஐந்தாறு விநாடி, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கலகலத்தன, அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு அங்கிள். “அம்மா, ஹேவர்ட் வீட்ல சிம்னி விரிஞ்சிருச்சாம். குடியிருக்கிறவர் போட்டோ அனுப்பியிருக்கார். நமக்குத்தான் ஃபுல் கவரேஜ் இருக்கே, யாருக்குப் போன் பண்ணணும்?” என் வார்த்தையை அப்படியே திருப்பிக் கொடுத்தார். குரலில் பதற்றம்கூட இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் நினைத்ததில் தப்பும் இல்லை. திருநெல்வேலியில் பூட்டிக்கிடக்கும் தன் வீட்டுக்கு அவர் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசி எடுத்திருக்கிறார். 2021 ஏப்ரலில் இருந்து எல்லா நிறுவனமும் விற்க வேண்டிய அந்தப் பொதுப் படிவத்தில் நிலநடுக்கம் உள்ளேயே இருக்கிறது, தனியாகக் கேட்க வேண்டியதில்லை. நில அதிர்வு அபூர்வமான ஊரில் உள்ளே வைத்திருக்கிறார்கள், பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊரில் வெளியே வைத்திருக்கிறார்கள். அபாயம் அதிகமான இடத்தில் விற்பவன் பின்வாங்குவான் என்று தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

அவருடைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் வீட்டு பாலிசி விற்கும் நிறுவனம் நிலநடுக்கக் காப்பு வேண்டுமா என்று எழுத்தில் கேட்டாக வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் கேட்டாக வேண்டும். ‘உங்கள் பாலிசியில் நிலநடுக்கத்துக்குக் காப்பு இல்லை’ என்ற வாசகத்தைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது வரை சட்டத்தில் இருக்கிறது. அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். கடிதம் போயிருந்தது. அவர் வழக்கம்போல காப்பீட்டுக் கம்பெனி உறை எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். சிரிக்காதீர்கள், எனக்கு என் வீட்டுக்கே வந்த அதே கடிதம் பீட்சா கூப்பன்களுக்கு நடுவில் கிடந்தது. பேசாமல் இருப்பது இங்கே ‘வேண்டாம்’ என்று பொருள். நம் பழக்கத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்பார்கள்.

சட்டப்படி என் மேல் பிழை இல்லை. மேலாளரும் அதைத்தான் சொன்னார். “லெட்டர் போயிருக்கு, ஃபைல்ல காப்பி இருக்கு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” சரிதான். ஆனாலும் அன்று மத்தியானம் ஹேவர்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

தரைக்கு அடியில்

சிம்னியில் விரிசல் படிக்கட்டு மாதிரி, செங்கல் இணைப்பைப் பிடித்துக்கொண்டே மேலேறிப் போயிருந்தது. கூரைக்கு மேலே இருந்த பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அங்கிள் அதற்குள் கொத்தனாரிடம் பேசிவிட்டிருந்தார், 9,000 டாலர் ஆகுமாம். சமையலறை மேடையில் ஒரு காகிதத்தை விரித்து நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கட்டிடத்துக்குப் போட்டிருக்கும் தொகை 5 லட்சம் டாலர். வீட்டின் சந்தை விலை அதைவிட எங்கேயோ இருக்கிறது, ஆனால் மண்ணுக்கு யாரும் காப்பீடு எடுப்பதில்லை, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. நிலநடுக்க பாலிசி எடுத்திருந்து, 15 விழுக்காடு டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) என்று வைத்திருந்தால், முதல் 75,000 டாலர் அவர் கை. அந்த விழுக்காடு சேதத்தின் மேல் போடுவது இல்லை, பாலிசித் தொகையின் மேல் போடுவது. இதைத் தொழிலில் இருப்பவர்களே மாற்றிப் புரிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். சில வீடுகளுக்கு 5 விழுக்காடு வரை குறைத்து எடுக்கலாம், பிரீமியம் ஏறும். 1980-க்கு முன் கட்டி அஸ்திவாரத்தோடு பிணைக்காத வீட்டுக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் 25,000 அவர் கை. சிம்னிக்கு ஆவது 9,000. ஆக, பாலிசி இருந்திருந்தாலும் இன்றைக்கு ஒரு டாலர்கூட வந்திருக்காது.

சொல்லும்போதே எனக்கு மூச்சு லேசாகியது, மறைப்பானேன். அங்கிள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ எடுக்காததே நல்லதாப் போச்சும்மா. வருஷா வருஷம் பணத்தக் கட்டிட்டு இதுக்கும் வரலைன்னா அது என்ன இன்ஷூரன்ஸ்?” ‘ஆமாம் அங்கிள்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பிரச்சினை அத்தோடு முடிந்திருக்கும், காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். முதலில் சொன்ன ‘ஃபுல் கவரேஜ்’ எவ்வளவு பொய்யோ அதே அளவு பொய்தான் இதுவும் என்று அந்த நேரத்தில் ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. “அங்கிள், இந்த வீட்டுக்கு அடியில இறங்க வழி இருக்கா?” என்று கேட்டேன்.

துணி அலமாரியின் தரையில் ஒரு சதுரப் பலகை. அதைத் தூக்கினால் கீழே மண், சிலந்திக் கூடு, குழாய்கள். அங்கிள் மேலே நின்று டார்ச் பிடித்தார், நான் இடுப்பு வரை இறங்கிக் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் அஸ்திவாரத்தின் மேல் ஒரு மரச்சட்டம் படுத்திருக்கிறது. அதன் மேல் இரண்டரை அடி உயரத்துக்குக் குட்டைச் சுவர், சுவர் என்றால் வெறும் நிற்கும் கட்டைகள்தான், இடையில் எதுவும் இல்லை. அதன் மேல்தான் முழு வீடும். படுத்திருந்த சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டே போனேன். எட்டிய தூரம் வரை ஒரு போல்ட் தலைகூடத் தட்டுப்படவில்லை. எழுபது வருடமாக அந்த வீடு அஸ்திவாரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மேசை மேல் வைத்த டப்பா மாதிரி. பெரிய குலுக்கலில் இந்தக் குட்டைச் சுவர் பக்கவாட்டில் மடங்கும், வீடு அஸ்திவாரத்தை விட்டு இறங்கும். 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்திலும் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் பழைய மரவீடுகள் பல இப்படித்தான் போயின.

மேலே வந்து அதே காகிதத்தில் இன்னொரு கணக்கு. வீடு இறங்கிவிட்டது, முழுதும் திரும்பக் கட்ட வேண்டும். 5 லட்சத்தில் 75,000 கழித்தால் வருவது 4,25,000. பாலிசி இல்லையென்றால் சுழியம். வாடகையும் நிற்கும். டிபி-3-இல் வாடகை இழப்புக்குப் பணம் உண்டு, ஆனால் அந்த பாலிசி ஏற்கும் காரணத்தால் வீடு கெட்டிருந்தால்தான் உண்டு, நடுக்கத்துக்கு அதுவும் கிடையாது. வங்கிக் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். கடன் கொடுத்த வங்கி தீ பாலிசியை வற்புறுத்திக் கேட்கும், வெள்ள அபாயப் பகுதி என்றால் வெள்ளத்துக்கும் கேட்கும், நிலநடுக்கத்துக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. யாரும் கேட்காததை யாரும் வாங்குவதில்லை. கலிஃபோர்னியாவில் வீட்டு பாலிசி வைத்திருப்பவர்களில் நிலநடுக்கக் காப்பு எடுத்தவர்கள் பத்துக்கு ஒருவர், அதற்குச் சற்று மேலே.

அங்கிள் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. எதற்கு இவ்வளவு பெரிய டிடக்டிபிள்? அதற்கு நார்த்ரிட்ஜுக்குப் போக வேண்டும். 1994 ஜனவரி 17-இல் நடந்த 6.7 அளவுக் குலுக்கல் அது. நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக நிலநடுக்கத்துக்கு வசூலித்த பிரீமியத்தைப் போலப் பல மடங்கு ஒரே தடவையில் போய்விட்டது. வீட்டு பாலிசி விற்றால் நிலநடுக்கத்துக்கும் கேட்டாக வேண்டும் என்ற சட்டம் இருந்ததால், அவர்கள் வீட்டு பாலிசி விற்பதையே நிறுத்த ஆரம்பித்தார்கள். 1995 தொடக்கத்தில், சந்தையில் 93 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் புதிய வீட்டு பாலிசியைக் கட்டுப்படுத்தியோ மறுத்தோ இருந்தன. வீடு வாங்க, விற்க முடியாத நிலை. அதன் பிறகுதான் 1996-இல் சட்டமன்றம் கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையத்தை உருவாக்கியது, சி.இ.ஏ. என்பார்கள். நிர்வாகம் பொது, பணம் அரசுடையது அல்ல, விற்பது வழக்கமான நிறுவனங்கள் வழியாகவே. ஒரே நாளில் லட்சம் வீடு விழக்கூடிய ஆபத்தை விற்க வேண்டுமென்றால் சின்ன விரிசல்களை எல்லாம் வெளியே தள்ளினால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான் அந்த 15 விழுக்காடு. பெரும் அழிவில் ஆணையத்தின் பணம் போதாமல் போனால் எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துக் கொடுக்கலாம் என்ற வாசகமும் பாலிசியில் இருக்கிறது. அதையும் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டால் மறுபடியும் ‘ஃபுல்’ கதைதான்.

அதன் பிறகு நான் விற்கும் முறை மாறியது. நிலநடுக்கம் பற்றிப் பேச வேண்டுமென்றால் பிரீமியத்தைச் சொல்வதற்கு முன்னால் டிடக்டிபிளை விழுக்காட்டில் சொல்லாமல் டாலரில் சொல்லிவிடுகிறேன், அதையும் வாடிக்கையாளர் கையாலேயே எழுத வைக்கிறேன். நீச்சல் குளம், வேலி, தோட்டம் போன்றவற்றுக்கு இதில் பணம் இல்லை என்பதை அடுத்துச் சொல்கிறேன். முதல் அதிர்விலிருந்து 360 மணி நேரத்துக்குள் வரும் பின்னதிர்வுகளை எல்லாம் சி.இ.ஏ. ஒரே நிகழ்வாகக் கணக்கிடும், டிடக்டிபிள் ஒரு தடவைதான். இது நல்ல செய்தி, அதனால் கடைசியில் சொல்வேன். சிலர் கேட்டுவிட்டு வேண்டாம் என்பார்கள். தெரிந்து சொல்லும் ‘வேண்டாம்’ என்றால் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதை எழுதி வாங்கிக்கொள்வேன். மேலாளருக்கு இது பிடிக்கவில்லை, கிராக்கியைப் பயமுறுத்துகிறாய் என்கிறார். மாதக் கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, என் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கித்தான் போனது.

அங்கிள் முதலில் செய்தது போல்ட். 1980-க்கு முன் கட்டிய இந்த மாதிரி வீடுகளை அஸ்திவாரத்தோடு பிணைக்க 3,000 டாலர் வரை மானியம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் பதிவுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. ஆள் வைத்துச் சட்டத்தை அஸ்திவாரத்தில் முடுக்கி, குட்டைச் சுவருக்கு உள்பக்கம் பிளைவுட் அடித்துவிட்டார். முடுக்கிய வீட்டுக்கு சி.இ.ஏ. பிரீமியத்தில் தள்ளுபடி தரும் என்று சொன்னதும்தான் படிவத்தைக் கையில் வாங்கினார். 15 விழுக்காடு என்ற இடத்தைத் தாண்டும்போது நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் ‘75,000 நம்ம கை’ என்று தமிழில் எழுதினார். அந்தப் படிவத்தின் நகலைத்தான் இப்போது படிக்கும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன், பெயரை மறைத்து.

சிம்னியைக் கூரை மட்டத்துக்கு இடித்து மூடிவிட்டார்கள். 9,000 ஆகவில்லை, கொஞ்சம் குறைந்தது. செங்கல்லை வீணாக்க மனமில்லாமல் அங்கிள் தன் டொயோட்டாவில் நான்கு நடை அடித்து ஃப்ரீமான்ட் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆன்ட்டியின் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிப் பாத்தி கட்டியிருக்கிறார். போன தடவை போனபோது ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார்கள்.